ஃபிட்ஸ்ராய் அபாரிஜினல் வரலாறு நடை டூர்: காசு குடுத்து போலாமா?

மெல்போர்னுக்கு ஊர்ல இருந்து யாராச்சும் வந்தா நம்மாளுங்க கூட்டிட்டு போற லிஸ்ட் எல்லார் வீட்லயும் ஒண்ணுதான், கிரேட் ஓஷன் ரோடு, பஃபிங் பில்லி ரயிலு, பிலிப் ஐலண்ட் பெங்குவின், நடுவுல ஒரு நாள் கேரம் டவுன்ஸ் கோயில். இந்த தடவ மாமனார் மாமியார் வந்தப்போ எல்லாம் முடிச்சிட்டு ஒரு சனிக்கிழமை சும்மா இருந்துச்சேன்னு ஃபிட்ஸ்ராய் ஏரியால நடத்துற அபாரிஜினல் (ஆஸ்திரேலிய பூர்வகுடி மக்கள்) வரலாறு நடை டூர் ஒண்ணு புக் பண்ணேன். நடத்துறவங்க பேரை இங்க போடல, ஏன்னா குறையும் கொஞ்சம் சொல்லப்போறேன், சின்ன அளவுல நடத்துறாங்க, பாவம். இதே மாதிரி நடைங்க அந்த ஏரியால இன்னும் சிலது இருக்கு, எதுல போனாலும் நிக்கிற இடங்கள் பெரும்பாலும் இதேதான் இருக்கும்னு நினைக்கிறேன், அதனால இத படிச்சிட்டு போனா எதுக்கும் உதவும்.

ஆளுக்கு நாப்பது டாலர் சொச்சம், ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, எல்லாம் சமதள நடைபாதை, மூட்டுவலி உள்ளவங்களும் மெதுவா வரலாம். சாப்பாடு கிடையாது. கூட்டிட்டு போனவர் கூரி சமூகத்து ஆளு (இந்தப் பக்கத்து அபாரிஜினல் மக்கள் தங்கள அப்படித்தான் சொல்லிக்குவாங்க), அம்பது வயசு தாண்டினவர், அவங்க பாட்டி காலத்துல இருந்தே ஃபிட்ஸ்ராய்ல இருந்த குடும்பமாம். மொதல்லயே சொல்லிட்டாரு, இன்னைக்கு ஓவியம், பூமராங், டிஜெரிடூ எதுவும் இல்ல, 1930ல இருந்து 1970 வரைக்கும் இந்த தெருக்கள்ல எங்க ஆளுங்க எப்படி பொழச்சாங்க, எப்படி சண்ட போட்டாங்க, அத மட்டும்தான் பேசப்போறோம்னு. கூட வந்த ஒரு ஜோடிக்கு மூஞ்சி அப்பவே தொங்கிப்போச்சு. எனக்கு அங்கயே புடிச்சுப்போச்சு.

ஆரம்பிக்கிற இடம் பார்லிமென்ட் கார்டன்ஸ். அங்க பாஸ்டர் சர் டக் நிக்கல்ஸ், அவரு மனைவி லேடி கிளாடிஸ் நிக்கல்ஸ் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சிலை இருக்கு, 2007ல வச்சது. நான் பல வருஷம் பார்லிமென்ட் ஸ்டேஷன்ல இறங்கி ஆபீஸ் போயிருக்கேன், அந்த சிலையை ஒரு தடவ கூட நின்னு பாத்ததில்ல. இந்த ரெண்டு பேரு கதைதான் டூரோட முதுகெலும்பு. டக் நிக்கல்ஸ் மர்ரே ஆத்தோரம் இருக்கிற கம்மரகஞ்சாங்கிற ரிசர்வ்ல (அபாரிஜினல் மக்களுக்குன்னு அரசு ஒதுக்கி வச்ச குடியிருப்பு) 1906ல பிறந்தவரு, யோர்ட்டா யோர்ட்டா இனம், ஆள் 157 சென்டிமீட்டர் உயரம்தான், ஆனா ஓட்டத்துல புலி. 1927ல கார்ல்டன் ஃபுட்பால் கிளப்புக்கு ஆட வந்தப்போ அங்க இருந்த மசாஜ் பண்றவங்க கறுப்பன் உடம்புல கை வைக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அங்க இருந்து நார்த்கோட் போயி, அப்புறம் 1932ல இருந்து ஃபிட்ஸ்ராய் கிளப்புக்கு ஆடுனாரு. அதே மனுஷன் 1972ல சர் பட்டம் வாங்குன முதல் அபாரிஜினல் ஆளு, 1976 கடைசில சவுத் ஆஸ்திரேலியா கவர்னர். இது கூகிள் பண்ணாலே வரும். கைடு இத ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டு, கவர்னர் ஆனது பெருசில்ல, அதுக்கு நடுவுல நாப்பது வருஷம் என்ன பண்ணாருன்னு இப்ப காட்றேன் வாங்கன்னு கூட்டிட்டு போனாரு பாருங்க, அங்கதான் டூர் சூடு புடிக்குது.

ரெண்டாவது ஸ்டாப் கார்ல்டன் கார்டன்ஸ்ல ஒரு பெரிய மோர்ட்டன் பே ஃபிக் மரம், நம்ம ஆலமரத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் மாதிரி இருக்கும். வேலை கிடையாது, பேச ஹால் கிடையாது, ஹாலுக்கு வாடக குடுக்க காசும் கிடையாதுங்கிற காலத்துல இங்க இருந்த தலைவருங்க இந்த மரத்தடில பெட்டி மேல ஏறி நின்னு பேசுவாங்களாம். நிழல் நல்லா இருந்ததால கைடு இங்க நிறைய நேரம் எடுத்துக்கிட்டாரு, அந்த தலைவருங்கள்ல மூத்தவரான வில்லியம் கூப்பர் கதைய முழுசா சொன்னாரு.

கூப்பர் பத்தி கேள்விப்பட்டவங்க பெரும்பாலும் 1938 டிசம்பர்ல ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு யூதர்களுக்காக கண்டன மனு எடுத்துட்டு போனதத்தான் சொல்லுவாங்க. எனக்கு இதுல தைச்சது வேற ஒரு விஷயம். எழுவது வயசு தாண்டின மனுஷன் ஏன் கம்மரகஞ்சாவ விட்டுட்டு 1933ல மெல்போர்ன் ஃபுட்ஸ்க்ரேக்கு வந்தாரு? பென்ஷனுக்கு. ரிசர்வ்ல இருந்தா முதியோர் பென்ஷன் கிடையாது, வெளிய வந்து குடியிருந்தாத்தான் வாங்க வழி. அந்த சின்ன பென்ஷன் காசுல தபால்தலை வாங்கி, மந்திரிங்களுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டு, மன்னருக்கு அனுப்ப 1814 கையெழுத்து வாங்கினாரு, அந்த மனுவ மத்திய அரசு 1938ல மன்னருக்கு அனுப்ப முடியாதுன்னு வச்சுக்கிச்சு. அதே 1938 ஜனவரி 26, வெள்ளைக்காரன் வந்து 150 வருஷம்னு சிட்னில ஊரே கொண்டாடிட்டு இருக்கும்போது எலிசபெத் தெரு ஹால்ல அபாரிஜினல் தலைவருங்க துக்க நாள் கூட்டம் போட்டாங்க. அடுத்த வருஷம் பிப்ரவரி 4, 1939, கம்மரகஞ்சால மேனேஜர் அட்டூழியம் தாங்காம, ரேஷன் பத்தாம, கிட்டத்தட்ட 200 பேரு மூட்டை முடிச்சோட மர்ரே ஆத்த தாண்டி விக்டோரியா பக்கம் வந்துட்டாங்க. அதுல நிறைய குடும்பம் கடைசில வந்து சேந்த இடம்தான் ஃபிட்ஸ்ராய், ஏன்னா வாடகை மலிவு, ஃபேக்டரி பக்கம், அப்புறம் யுத்தம் வந்ததும் வெடிமருந்து ஃபேக்டரில பொம்பளைங்களுக்கும் வேலை கிடைச்சுது.

இங்க நம்மாளுங்களுக்கு ஒரு சுவாரசியமான துண்டு இருக்கு, கைடு ஒரே வரில தாண்டிட்டாரு, நான்தான் மறுபடி நிறுத்தி கேட்டேன். கம்மரகஞ்சா பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தவரு தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீஷியஸ்ல பிறந்த இந்திய வம்சாவளி ஆளு. கூப்பரோட தங்கச்சிய கல்யாணம் பண்ணிக்கிட்டு அந்த சமூகத்தோடவே கடைசி வரைக்கும் வாழ்ந்தவரு. கூப்பர், டக் நிக்கல்ஸ், மார்கரெட் டக்கர்னு பின்னாடி போராட்டத்துக்கு தலைமை தாங்குன ஒரு வரிசையே அவருகிட்ட எழுத படிக்க கத்துக்கிட்டவங்க. மனு எழுதுறது, கூட்டத்துல பேசுறது, சட்டம் படிச்சு காட்டுறது எல்லாத்துக்கும் அடித்தளம் அந்த கிளாஸ் ரூம்தான். உடனே நம்ம ஆளுதான் எல்லாத்துக்கும் காரணம்னு வாட்ஸப்ல கிளம்பிடாதீங்க, அவங்க சண்ட அவங்க போட்டாங்க. ஆனா தெரிஞ்சுக்க வேண்டிய பேரு.

அங்க இருந்து கெர்ட்ரூட் தெரு. டூரோட மோசமான பகுதி இதுதான். 86ம் நம்பர் டிராம் அந்த தெரு வழியாத்தான் போகுது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ டங் டங்னு வரும்போது கைடு வாய மூடிட்டு நிக்கணும், இல்ல கத்தணும். ஒரு சின்ன மைக் இடுப்புல மாட்டிக்கிட்டா என்ன, இப்பல்லாம் நாப்பது அம்பது டாலருக்கு கிடைக்குது. பின்னால நின்னவங்களுக்கு பாதி கேக்கல, என் மாமியார் கடைசில ஒரு காபி கடை வாசல்ல இருந்த சேர்ல உக்காந்துட்டாங்க. இன்னொன்னு, இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல இவங்க கூடுன பப், வாடக ரூம், மலிவு சாப்பாட்டு கடை எல்லாம் இருந்த தெரு இப்ப ஒரு டீ ஷர்ட் 180 டாலருக்கு விக்கிற தெரு. பழைய ஃபோட்டோ நாலு லேமினேட் பண்ணி கையில வச்சிருந்தாரு, அத ஒவ்வொருத்தரா வாங்கி பாக்கறதுக்குள்ள அடுத்த டிராம் வந்துருது.

இதுக்கெல்லாம் சேத்து ஈடு கட்டுற மாதிரி இருந்துச்சு கோர் தெரு. 258ம் நம்பர். சாதாரண சின்ன தெரு, வெளிய நின்னுதான் பாக்கணும். 1943ல டக் நிக்கல்ஸ் இங்க அபாரிஜினல் மக்களுக்குன்னு ஒரு சர்ச் நடத்த ஆரம்பிச்சாரு. அதுக்கு முன்னாடி நடந்தது இன்னும் சுவாரசியம், யுத்த நேரத்துல மனுஷன் ஆர்மில சேந்துட்டாரு, ஆனா ஃபிட்ஸ்ராய் போலீஸே மேலிடத்துக்கு சொல்லி இவர ரிலீஸ் பண்ண வச்சுது, ஏன்னா இந்த ஏரியால குடிச்சிட்டு சண்ட, கைது, கோர்ட்டுன்னு எல்லாம் கை மீறிப்போச்சு, இந்த ஆளு இருந்தா சமாளிப்பாருன்னு. அப்படித்தான் ஃபுட்பால்காரர் சமூக சேவகர் ஆனாரு. டிகிரி கிடையாது, ஆபீஸ் கிடையாது, ரொம்ப நாளைக்கு ஒழுங்கான சம்பளமும் கிடையாது. காலைல கோர்ட்டு, மத்தியானம் யாருக்காவது வேலை கேட்டு ஃபேக்டரி, சாயந்திரம் ஆஸ்பத்திரி, ஞாயித்துக்கிழமை பிரசங்கம்.

கிளாடிஸ் நிக்கல்ஸ் பத்தி கைடு பேசும்போது குரலே மாறுச்சு. பெரும்பாலான இடத்துல டக் பேரு பெருசா இருக்கும், கிளாடிஸ் ஓரமா ஒரு வரி. இவரு தலைகீழா பண்ணாரு. கிராமத்துல இருந்தும் மிஷன்ல (சர்ச் நடத்துன குடியிருப்பு) இருந்தும் வேலை தேடி தனியா மெல்போர்ன் வர்ற பொண்ணுங்களுக்கு ராத்திரி எங்க படுக்கறதுங்கிறதுதான் முதல் பிரச்சன, வாடகைக்கு வீடு கேட்டா நிறத்த பாத்து கதவ சாத்துற ஊரு. மொதல்ல இவங்க தன் வீட்லயே எடத்த ஒதுக்கி படுக்க வச்சிருக்காங்க. அப்புறம் நார்த்கோட்ல பொண்ணுங்களுக்குன்னு ஹாஸ்டல், அத நடத்த காசுக்கு பழைய துணி விக்கிற ஆப் ஷாப், கேக் விற்பனை, டான்ஸ் நிகழ்ச்சி. போராட்டம்னா நமக்கு கொடி, ஊர்வலம், மேடைதான் கண்ணுல வரும். ஆனா படுக்கை விரிப்பு துவைக்கிறதும், அந்த வாரம் பால்காரனுக்கு காசு பொரட்டுறதும் இல்லேன்னா ஊர்வலத்துக்கு வர ஆளே இருந்திருக்காது. இந்த டூர்ல நான் எடுத்துட்டு வந்தது இதுதான், மத்தது எல்லாம் இணையத்துல கிடைக்கும்.

அங்கயே நின்னுதான் 1957 கதையும். மேற்கு ஆஸ்திரேலியால வார்பர்ட்டன் ரேஞ்சஸ் பக்கம் மக்கள் பட்டினி கிடக்குறாங்க, நோயா இருக்காங்கன்னு பில் கிரேடன்னு ஒரு எம்பி, அதாவது மாநில சட்டசபை உறுப்பினர், 1956 கடைசில ரிப்போர்ட் குடுத்தாரு. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு பேப்பர்ல மறுத்தாங்க. அடுத்த வருஷம் டக் நிக்கல்ஸ் அவரோட சேந்து கேமராவோட நேர்ல போயி படம் புடிச்சிட்டு வந்து மெல்போர்ன்ல ஹால் ஹாலா போட்டு காட்டிட்டாங்க. எலும்பும் தோலுமா குழந்தைங்கள பாத்து வெள்ளைக்கார பொம்பளைங்க அழுதுட்டே காசு போட்டாங்களாம். அந்த கோவத்துல பொறந்ததுதான் அபாரிஜின்ஸ் அட்வான்ஸ்மென்ட் லீக், அதே 1957ல, டக் நிக்கல்ஸ், ஸ்டான் டேவி, கோர்டன் பிரையன்ட், டோரிஸ் பிளாக்பர்ன் இவங்க எல்லாம் சேந்து. டக்தான் ஃபீல்ட் ஆபீசர். அந்த லீக் இன்னைக்கும் தார்ன்பரில இயங்குது.

இப்ப பெரிய குறை. என் மாமனார் ஊர்ல தாலுகா ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு, பென்ஷன் ஃபைல்தான் அவரு வாழ்க்கையே. கூப்பர் பென்ஷனுக்காக ஊர விட்டு வந்தாருன்னு கேட்டதுல இருந்து மனுஷனுக்கு ஒரே குடைச்சல், சரி அந்த பென்ஷன் விதிய எப்பதான் மாத்துனாங்கன்னு ரெண்டு தடவ கேட்டாரு, நான் மொழிபெயர்த்து சொன்னேன். கைடு அது பெரிய கதைன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு. பெரிய கதைன்னாத்தானே சொல்லணும்! வீட்டுக்கு வந்து நானே படிச்சு அவருக்கு சொன்னேன். 1908ல போட்ட மத்திய பென்ஷன் சட்டத்துலயே அபாரிஜினல் ஆளுங்களுக்கு கிடையாதுன்னு எழுதி வச்சுட்டாங்க, கூப்பர் மாதிரி கலப்பு வம்சாவளி ஆளுங்க ரிசர்வுக்கு வெளிய இருந்தா மட்டும் வழி இருந்துச்சு. 1912ல பிரசவ உதவித்தொகை வந்தப்போ அதுலயும் அப்படியே. நாப்பதுகள்ல கொஞ்சம் கதவ தொறந்தாங்க, 1959 திருத்தத்துல பெரும்பாலும் எடுத்தாங்க, ஆனா நாடோடியா, பழமையா வாழ்றவங்களுக்கு மட்டும் கிடையாதுன்னு ஒரு வால விட்டுட்டாங்க, அதுவும் போனது 1966ல. அதுக்கப்புறமும் பல இடத்துல பணம் மிஷன் மேனேஜர் கைக்கோ பண்ணை முதலாளி கைக்கோ போயி அங்க இருந்து என்ன வருதோ அதான். இந்த சண்டைய ஃபைல் ஃபைலா போட்டவங்கள்ல மெல்போர்ன் ஆளு ஒருத்தர், ஷர்லி ஆண்ட்ரூஸ், உயிர்வேதியியல் விஞ்ஞானி, 1951ல ஆரம்பிச்ச கவுன்சில் ஃபார் அபாரிஜினல் ரைட்ஸ்ல செயலாளரா இருந்தவங்க. எந்த மாநிலத்துல எந்த சட்டம் என்ன தடை பண்ணுது, கூலி எவ்ளோ, உதவித்தொகை எவ்ளோன்னு ஒண்ணொண்ணா தொகுத்து வச்சு மந்திரிங்கள மடக்குனாங்க. இவங்க பேரே டூர்ல வரல. வெள்ளைக்காரங்க கதைய நீங்க வேற எங்கயாவது கேட்டுக்கலாம், இது எங்க கதைன்னு கைடு நினைச்சா அது அவரு உரிமை, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பென்ஷன விட்டது தப்பு. ஹாஸ்டல் படுக்கையும் பென்ஷன் விதியும் ஒரே நூல்ல கோத்த விஷயம்.

1967 வாக்கெடுப்ப கைடு நல்லா கையாண்டாரு. கூட வந்த ஒருத்தர் அன்னைக்குத்தானே உங்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சுதுன்னு கேட்டாரு, நிறைய பேரு, நம்ம பசங்க ஸ்கூல் ப்ராஜெக்ட்ல கூட, அப்படித்தான் எழுதுறாங்க. அது 1962லயே மத்திய தேர்தலுக்கு வந்தாச்சு, மாநிலங்கள்ல கடைசியா குயின்ஸ்லாந்து 1965ல. 1967 மே 27 மாத்துனது அரசியல் சாசனத்துல ரெண்டு இடம், மக்கள்தொகை கணக்குல இவங்கள எண்ணக்கூடாதுன்னு இருந்தத எடுத்தாங்க, மத்திய அரசு இவங்களுக்காக சட்டம் போடலாம்னு வச்சாங்க. 90.77 சதவீதம் ஆமான்னு போட்டாங்க, ஆஸ்திரேலியால வாக்கெடுப்புன்னாலே பெரும்பாலும் தோக்கும், இது மட்டும் இப்படி. பத்து வருஷம் கையெழுத்து வாங்கி வாங்கி கொண்டு வந்தது. அதுக்கப்புறம் 1969, 70ல லீக்குக்குள்ளயே சண்ட, எங்க அமைப்ப நாங்கதான் நடத்தணும், நல்ல மனசுள்ள வெள்ளைக்காரங்க நகந்துக்கோங்கன்னு புரூஸ் மெக்கின்னஸ், பாப் மாஸா மாதிரி இளசுங்க கேட்டாங்க. இத சொல்லும்போது கைடு எந்தப் பக்கமும் சாயல, அவங்க வீட்லயே ரெண்டு கட்சியும் இருந்துச்சாம், சாப்பாட்டு மேசைல பேச்சு வார்த்தை இல்லாம போன வாரங்கள் உண்டாம். இந்த மாதிரி விஷயத்த புத்தகம் சொல்லாது.

கடைசி ஸ்டாப் கெர்ட்ரூட் தெரு 229, 1973ல அபாரிஜினல் ஹெல்த் சர்வீஸ் தொடங்குன கட்டடம். மறுபடி டிராம் சத்தம், நேரம் வேற ஆயிடுச்சு, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டாரு. நான் கார்ல்டன் கார்டன்ஸ்ல கொஞ்சம் குறைச்சு இங்க குடுத்திருப்பேன்.

பில் ஓனஸ்னு ஒரு அபாரிஜினல் போராளி, அவரு பத்தி கேக்க மறந்துடாதீங்க, நாங்க கேட்டதாலதான் சொன்னாரு. பஃபிங் பில்லி ஏற பெல்கிரேவ் போறீங்கல்ல, அதே ஊர்ல 1952ல அவரு ஒரு கடை வச்சு, பூமராங், மண்பாண்டம், துணி எல்லாம் தன் ஆளுங்கள வச்சே செஞ்சு வித்தாரு, டூரிஸ்ட்டுக்கு பூமராங் எறிஞ்சு காட்டிக்கிட்டே அரசியலும் பேசுவாரு. உளவுத்துறை அவரு மேல ஃபைல் வச்சிருந்துச்சு. அந்த கடை இப்ப இல்ல.

யாருக்கு ஒத்து வரும்? பத்து வயசுக்கு கீழ பசங்க இருந்தா வேண்டாம், போரடிச்சு உங்கள சாப்பிட்டுடுவாங்க. ஹைஸ்கூல் பசங்களுக்கு கண்டிப்பா. ஊர்ல இருந்து வந்த பெரியவங்களுக்கு இங்கிலீஷ் ஓரளவு தெரிஞ்சா சரி, இல்லேன்னா நீங்க ரெண்டு மணி நேரமும் துபாஷி வேலை பாக்கணும், நான் பாத்தேன். குழந்தைங்கள புடுங்கிட்டு போன கதைங்க வரும், மார்கரெட் டக்கர 13 வயசுல தாய்கிட்ட இருந்து பிரிச்சு கூட்டிட்டு போனத கைடு சொன்னப்போ மாமியார் மொழிபெயர்ப்பு இல்லாமயே புரிஞ்சுக்கிட்டாங்க, மனச தயார் பண்ணிட்டு போங்க.

கார் எடுத்துட்டு போகாதீங்க, ஃபிட்ஸ்ராய்ல பார்க்கிங் தேடுறதுக்குள்ள டூர் பாதி முடிஞ்சிடும். ரயில்ல பார்லிமென்ட் ஸ்டேஷன் வந்துடுங்க. திரும்பும்போது 86 டிராம் புடிச்சா மைக்கி பயண கார்டு தட்டணும், இலவச டிராம் ஏரியா அங்க கிடையாது. வழில டாய்லெட் கார்ல்டன் கார்டன்ஸ்லயே முடிச்சுக்கோங்க. முன்னாடி வரிசைல நில்லுங்க, தொப்பியும் குடையும் ரெண்டும் வேணும், இந்த ஊரு வானிலை உங்களுக்கே தெரியும்.

அஞ்சுக்கு நாலு. மைக் ஒண்ணு வாங்கி, பென்ஷன் கதைக்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குனா நாலரை குடுத்துடுவேன்.